மாமாவின் காருக்குக் கண்ணாடி ஏறிய கதை

ஒரு கார்க் கதவின் ரப்பரைச் சுருக்கி, அதன் மூலம் என் மாமாவின் குடும்பத்தைப் பிரித்தவன் நான்தான் என்று ஒன்பது வயதில் உறுதியாக நம்பினேன். என் வயதுப் பையன்கள் மாங்காய் திருடிவிட்டுப் பயந்துகொண்டிருந்தார்கள். என் பாவம் மட்டும் கொஞ்சம் தொழில்நுட்பம் சார்ந்ததாக அமைந்துவிட்டது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, விருத்தாசலத்தில் வீட்டுக்கு எதிரிலேயே இருந்த பீங்கான் பட்டறையில் அச்சு செய்பவர். கப், சாஸர், ஃபியூஸ் கட்டை, பிள்ளையார், மாதா எல்லாவற்றுக்கும் அச்சு அவர் கையால்தான். அந்தக் கையோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். எங்கோ ஒரு எஸ்டேட்டில் கிடந்த பழைய வெளிநாட்டுக் காரை லாரியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினார். துணிக்கூரையைப் பின்னால் மடித்துத் தள்ளிவிட்டுத் திறந்தபடி ஓட்டுகிற கார். அப்போது துணியும் இல்லை. இன்ஜின் இருந்தது, ஓடவில்லை. இரண்டு கதவு இருந்தது, இரண்டிலும் கண்ணாடி இல்லை. அத்தை அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கும் சேத்து ஒல வைக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து வருஷம் மாமா அதன் அடியில் படுத்திருந்தார். இன்ஜின் ஓடியது. கூரைத் துணி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மாதா கோயில் பூசைக்கு அதில் ஏறினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மாமா அவசரமாகக் கூரையை இழுத்து மூடினார். கண்ணாடி இல்லாததால், மழை கூரையைச் சட்டை செய்யாமல் பக்கவாட்டில் வந்தது. அத்தை தொப்பலாக நனைந்தாள். அன்று மத்தியானமே பெட்டியோடு கருவேப்பிலங்குறிச்சியிலுள்ள தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில், எப்போது வருவாய் என்று மாமா கேட்டதற்கு, பஸ் ஜன்னல் வழியாக, "கண்ணாடி போட்டு எடுத்துக்கிட்டு வாங்க, வரேன்" என்றாள்.

பக்கத்தில் நின்ற நான் அதை அப்படியே மனதில் எழுதிக்கொண்டேன். கண்ணாடி ஏறினால் அத்தை வருவாள். எனக்கு அத்தை வேண்டும். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, ஸ்கூல் விட்டு வந்து நான் சாப்பிட்டதும் தூங்கியதும், கணக்கில் முட்டை வாங்கிய பேப்பரை முதலில் காட்டியதும் அவளிடம்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் இருந்தேன்.

அந்தக் காருக்கு ஒரிஜினல் சாமான் இனி எங்கும் கிடைக்காது என்றார் மெக்கானிக் பாய். மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் பெரிய பெரிய கார்களையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர். பழைய சாமானைப் பார்த்து அதே மாதிரி செய்து விற்கும் டூப்ளிகேட்தான் வழி என்றார். சென்னையிலிருந்து பார்சல் வந்தது. கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் பதிக்கிற ரப்பர், சுற்றுகிற கைப்பிடி, அது இழுக்கிற பல்சக்கரம் எல்லாம் இருந்தன. கண்ணாடியை மட்டும், கதவை அளந்து மாமாவே அட்டையில் வரைந்து, லாரிக்குக் கண்ணாடி போடும் கடையில் வெட்டக் கொடுத்தார்.

பார்சல் வழியில் நனைந்திருந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று, ஈர ரப்பரை எடுத்துப் போய்ப் பட்டறையில் சூளையை ஒட்டி, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை உலர்த்தும் பலகையில் நீளமாகப் பரப்பி வைத்தேன். மறுநாள் எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ரப்பரைப் பதித்து, பாய் கண்ணாடியை மேலிருந்து கதவுக்குள் இறக்கினார். இறங்கவில்லை. திருப்பிப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். விரல் அகலத்துக்கு இடம் போதவில்லை. அடுத்த கதவிலும் அதே கதை.

"ரப்பரு சுருங்குன மாதிரி இருக்குதுண்ணே. டூப்ளிகேட்டு பாருங்க, சூடு பட்டா இழுத்துக்கும். எங்கனா சூட்டுல வச்சீங்களா?"

"நான் ஏன் பாய் வைக்கிறேன்" என்றார் மாமா.

நான் மெல்ல மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். பட்டறை வாசலில் வளர்ந்தவனுக்கு வேறெதுவும் தெரியாவிட்டாலும் இது தெரியும், சூளைப் பக்கம் போனதெல்லாம் சுருங்கும். முழங்கை உயரத்தில் உள்ளே போகும் பிள்ளையார் ஒரு சுற்றுக் குட்டையாகித்தான் வெளியே வருவார்.

மறுநாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு கதவின் ரப்பரைப் பிடுங்கி முருங்கைக் கிளையில் மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நானே தொங்கினேன். ரப்பர் நீண்டது. நான் இறங்கியதும் பழையபடி ஆனது. கிளைதான் முறிந்தது. முருங்கை மரத்தைக் குரங்கு முறித்ததாக வீட்டில் முடிவானது. அது ஒரு வகையில் உண்மை.

மாமா எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டார், அல்லது சாப்பிடாமல் எழுந்து போனார். இளைத்துக்கொண்டே வந்தார். அதுவும் என் கைவேலை என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கு முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டுச் சொன்னேன்: "சாமி, நான் ரப்பரச் சுருக்கிட்டேன். அதனால அத்த வூட்டுக்குத் திரும்பி வர முடியல."

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

"எந்த ரப்பருப்பா?"

"கார் ரப்பரு சாமி."

மூன்று முறை 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லிவிட்டு, யாருடைய ரப்பரோ அவரிடமே போய்ச் சொல்லச் சொன்னார். போய் அழுதுகொண்டே சொன்னேன். பாயும் அங்கேதான் இருந்தார். மாமா திட்டவில்லை. எவ்வளவு சுருங்கியிருக்கிறது பார்ப்போம் என்று பையிலிருந்து தன் இரும்பு ஸ்கேலை எடுத்துக் கதவில் வைத்தார். அதன் அருகில் பாய் தன் டேப்பை வைத்தார். இரண்டும் ஒரே பேச்சுப் பேசவில்லை. மண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்பதால், அச்சுக்காரர்களின் ஸ்கேலில் ஒவ்வோர் அங்குலமும் கொஞ்சம் நீட்டியே அடித்திருக்கும். மாமா அத்தையின் தையல் டேப்பால் கதவை அளந்து, பட்டறை ஸ்கேலால் அட்டையில் வரைந்திருந்தார். ரப்பர் சுருங்கவே இல்லை. கண்ணாடிதான் பெரிசு.

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணாடியத்தாண்ணே சூளையில வச்சிருக்கணும். தம்பி தப்பான சாமான வச்சிட்டான்."

மாமாவும் சிரித்தார். நான் தேம்பிக்கொண்டே சிரித்தேன். எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. அதற்கப்புறம் எத்தனையோ முறை இந்த மாதிரி பதறியிருக்கிறேன். அன்று மாதிரி முழு விடுதலை கிடைத்ததில்லை.

புதிதாக வெட்டிய கண்ணாடிகள் முதல் முறையிலேயே இறங்கின. கைப்பிடியை ஒரு விரலால் சுற்றலாம். அடுத்த ஞாயிறு மாமாவும் நானும் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனோம். அத்தை ஈரக்கையோடு வெளியே வந்தாள். கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

டீ போட உள்ளே போனவளின் பின்னாலேயே நானும் போனேன். அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்:

"வர்ற வழியெல்லாம் மாமா என்னாடா பேசிக்கிட்டு வந்தாரு?"

"கண்ணாடி எப்படி ஏறுச்சுன்னு அத்த. கூரை ஓரத்துக்கும் ரப்பரு வாங்கணுமாம்."

"வேற?"

நன்றாக யோசித்துப் பார்த்து, "வேற ஒண்ணுமில்ல அத்த" என்றேன்.

என் தலையைத் தடவிக் கொடுத்தாள். சரியான பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டீ குடித்தோம். மாமா காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, அத்தை பெட்டியோடு வருவாள் என்று பக்கத்து இருக்கையைத் துடைத்து வைத்தார். அவள் வெறுங்கையோடு வந்து கதவருகில் நின்று, "மழ வர்ற மாதிரி இருக்குது, பாத்துப் போங்க" என்றாள். துடைத்து வைத்த இருக்கையில் நான் ஏறி உட்கார்ந்தேன்.

வழியில் மழை வந்தது. இரண்டு கண்ணாடியையும் ஏற்றினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அத்தையும் வரவில்லை, அதற்கப்புறம் எப்போதும்.