தனக்கோடி அக்காவின் குத்துமூட்டை

விருத்தாசலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் தனக்கோடி அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். பின்கட்டில் நான் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் அவர் துணி உலர்த்துவது தெரியும். ஆகவே நான் சொல்வதில் பாதி என் கண்ணால் பார்த்தது, மீதி அவர் வாயால் கேட்டது.

அக்கா கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் விருத்தகிரி அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். அண்ணன் லோகோ ஷெட்டில் பயர்மேன், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். என் வீட்டுக்காரர் அந்தோணிமுத்து அதே ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவர். இரண்டு பேரும் நல்ல சிநேகம்.

அண்ணன் இளவயதில் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பழகும்போது அங்கே குத்துச்சண்டையும் பழகியிருந்தார். அதன் அடையாளமாக மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கல்யாணமான புதிதில், ஒரு நாள் விடியற்காலை அவர் பின்கட்டில் தனியாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து அக்கா வெலவெலத்துப் போனார். பேச்சு இல்லை, எதிரில் ஆள் இல்லை, ஆனால் மனுஷன் வியர்த்து விறுவிறுத்து யாரையோ அடிக்கிறார். கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். என் வீட்டுக்காரர்தான் விஷயத்தை விளக்கி, அது ஒரு விளையாட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

காற்றைக் குத்துவது அண்ணனுக்குப் போதவில்லை. பொன்மலையில் கனமான மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டுக் குத்துவார்களாம். ரயில்வே ஆட்களுக்குள் நடக்கும் போட்டியில் மறுபடி இறங்க வேண்டும், அதற்கு வீட்டிலேயே ஒரு மூட்டை வேண்டும் என்று ஆசைப்பட்டார். மங்கலம்பேட்டைக்குப் போய்ப் பழைய தார்ப்பாய்த் துண்டு ஒன்றை வாங்கி வந்தார். அதை மடித்து, கோணி ஊசியும் சணல் நூலும் வைத்து, தலையணை உறை மாதிரி நீளமாக அக்கா தைத்தார். மணிமுத்தாற்றிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டி, வாயைக் கட்டி, நாலு பேர் பிடித்துத் தூக்கிப் பின்தாழ்வாரத்து உத்திரத்தில் சங்கிலி போட்டு மாட்டினார்கள்.

அண்ணன் பத்துக் குத்துகூடக் குத்தியிருக்க மாட்டார். உத்திரம் ஆட, மேலே இருந்த ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து அக்காவின் பானை சட்டியின் மேல் விழுந்தன. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் அவர்களுக்குச் சாப்பாடு. கட்டட வேலைகளைக் கவனிக்கும் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இது குடியிருக்கக் கொடுத்த வீடா, கோதா போடக் கொடுத்த இடமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னொரு பெண்ணாயிருந்தால் அத்தோடு அந்த மூட்டையைத் தெருவில் எறிந்திருப்பார். அக்கா எறியவில்லை. உடைந்த ஓட்டைக் கூட்டி அள்ளும்போதே, வீட்டில் மாட்டினால்தானே வீடு ஆடும், வெளியில் கால் நட்டு மாட்டுங்கள் என்று அண்ணனிடம் சொன்னாராம். விறகுத் தொட்டியிலிருந்து இரண்டு பனந்துண்டுகள் வந்தன. இடுப்பளவு குழி தோண்டி நட்டார்கள். எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறைகளுக்கு வெளியே உடைசல் மலை மாதிரி குவிந்து கிடக்கும். அதிலிருந்து கூடை கூடையாகச் சில்லு சுமந்து வந்து, குழியில் போட்டு, அக்கா உலக்கையால் இடித்து இறுக்கினார். குறுக்கே பழைய இரும்புக் குழாய். கிடாய் முட்டினாலும் அந்தக் கால்கள் அசையவில்லை.

கால் நின்றது, மூட்டைதான் படுத்தியது. மணல் நாலு நாளில் அடியில் இறங்கிக் கல்லாகிவிட்டது. அதைக் குத்தி அண்ணனுக்கு மணிக்கட்டு வீங்கி, ஒற்றைக் கையால் கரி அள்ளப் போனார். மணலைக் கொட்டிவிட்டுக் கடலைத் தோலை நிரப்பினார்கள். எங்கள் ஊரில் கடலைத் தோலுக்கா பஞ்சம்? ஆனால் தோலோடு கொஞ்சம் பருப்பும் போயிருந்தது. ஒரு நாள் அண்ணன் ஓங்கிக் குத்த, மூட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு எலி அவர் தோள்மேல் குதித்தது. அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அக்காவும் நானும் சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சிரித்தோம்.

பிறகு அக்கா தன் போக்கில் செய்தார். பழந்துணியைக் கிழித்துச் சுருட்டி ஒரு அடுக்கு, மரத்தூள் ஒரு அடுக்கு, நடுவில் மட்டும் சின்னப் பையில் கொஞ்சம் மணல், எலிக்காக இடையிடையே நொச்சித் தழை. ஒவ்வொரு அடுக்கையும் உலக்கையால் குத்தி இறுக்கினார். அந்த மூட்டை கெட்டியாகவும் இருந்தது, கையையும் கடிக்கவில்லை. அதற்குப் பிறகு விடிந்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனுக்கு அதுதான் சேவல். தொம் தொம் என்று கேட்டால் பால்காரர் வரப்போகிறார் என்று அர்த்தம்.

மூட்டை அதிகம் ஆடாமல் இருக்கப் பின்னால் ஒருவர் தோள் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அக்காதான் பிடிப்பார். பிடித்துப் பிடித்தே எந்தக் கை எப்போது வரும், கால் எப்படி மாறும் என்பதெல்லாம் அவருக்குப் பாடமாகிவிட்டது. அண்ணன் வெளியூர் வண்டிக்குப் போயிருந்த ஒரு நாள், கூந்தலை முடிந்துகொண்டு தாமே குத்திப் பார்த்தார். சுவருக்கு மேலே நான் தலையை நீட்டினேன். அக்கா வெட்கப்படவில்லை.

“தோள்ல இருந்த கனமெல்லாம் எறங்கின மாதிரி இருக்குது மேரி,” என்றார்.

அண்ணன் திரும்பியதும் அவரிடமும் ஒளிக்காமல் சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டு, வேட்டியில் ஒரு முழம் கிழித்து, மனைவி கையில் எப்படிச் சுற்றுவது என்று காட்டிக் கொடுத்தார். குழாயடியில் பெண்கள் கேலி பேசினார்கள். புருஷனை அடிக்க ஒத்திகை பார்க்கிறாள் என்றார்கள். அக்கா குடத்தை நிரப்பி, இன்னொரு குடத்தையும் நிரப்பி, இரண்டையும் இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்துவிடுவார்.

எழுபத்து நாலு மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. அண்ணன் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர். முன்னணியில் இருந்தவர்களைப் பிடிக்க ஆரம்பித்ததும் அவரும் என் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் தலைமறைவானார்கள். எங்கோ முந்திரித் தோப்புகளில் இருக்கிறார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். லைனில் ஆண் குரலே இல்லை. வண்டிச் சத்தமும் நின்றுபோனதால் ஊரே காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் விடியற்காலை, தொம் தொம் என்று சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் திரும்பிவிட்டாரோ என்று சுவரருகே ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா குத்திக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டது நான் மட்டுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வீடு முழுவதும் தேடிவிட்டு அக்காவின் முன்னால் வந்து நின்றார்கள்.

“விருத்தகிரி எங்கம்மா?”

“தெரியாதுங்க. எங்கிட்ட சொல்லிட்டுப் போவல.”

“இப்ப குத்திக்கிட்டு இருந்தது யாரு?”

“நான்தாங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. ஒரு போலீஸ்காரரை மூட்டையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அக்காவைக் குத்திக் காட்டச் சொன்னார். அக்கா கைக்கட்டை ஒரு முறை இறுக்கிக்கொண்டார். இடக்கையால் லேசாக இரண்டு வைத்தார். பிறகு இடுப்பைத் திருப்பி வலக்கையால் ஒன்று. மூட்டைக்குப் பின்னால் அசட்டையாக நின்ற போலீஸ்காரர் பின்னோக்கித் தடுமாறித் துணி துவைக்கும் கல்லின்மேல் போய் உட்கார்ந்தார். தொப்பி உருண்டது. அக்கா அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்து, பலமாகப் பட்டுவிட்டதா என்று கேட்டார். சப்-இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

ஆனாலும் சந்தேகம் அவர்களை விடவில்லை. மனைவி குத்துகிறாள் என்றால் புருஷனும் ஒரு நாள் வந்து குத்தலாமே? ஆகவே அக்காவின் கொல்லைப்புறத்தில் ஆள் போட்டார்கள். அக்கா விடாமல் தினமும் குத்தினார். சில நாள் மெதுவாக, சில நாள் ஆண்பிள்ளை குத்துவது போல ஓங்கி. சத்தம் மாறும்போதெல்லாம் காவலில் இருந்தவர்கள் சுவரை எட்டிப் பார்த்தார்கள்.

அந்த நாட்களில்தான் என் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. எப்படியோ செய்தி போய், ஒரு விடியற்காலை என் வீட்டுக்காரர் முன்வாசல் வழியாக வந்து நின்றார். அந்தப் பக்கம் காவலுக்கு ஒரு ஈ காக்கை இல்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, நான் கரைத்துக் கொடுத்த கூழைக் குடித்தார். சுவருக்கு அப்பால் தொம் தொம் என்று அக்கா இடித்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் கிளம்பிப் போய் வெகுநேரம் கழித்துத்தான் அந்தச் சத்தம் நின்றது.

இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தீர்களா என்று பின்னாளில் அக்காவிடம் கேட்டேன். முதல் நாள் பயத்தில் குத்தினாராம். வீடு வெறிச்சென்று கிடந்தது, அவருடைய பெண் பிள்ளைகள் இரண்டும் தூங்கின, என்ன செய்வதென்று தெரியவில்லை, குத்தினார். மறுநாளிலிருந்து யோசித்துத்தான் குத்தினாராம்.

வேலைநிறுத்தம் முடிந்தது. என் வீட்டுக்காரரை வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். விருத்தகிரி அண்ணனை நீக்கிவிட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றும்போது அக்கா கடப்பாரையை எடுத்து வந்து பனங்கால்களைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தார். இனி இது எதற்கு என்று அண்ணன் கேட்டும் அவர் தோண்டிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேருமாகச் சேர்ந்து பிடுங்கிக் கொடுத்தார்கள்.

பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் பெரியம்மாள் என்ற விதவையின் வீட்டில் ஒரு பகுதி வாடகைக்குக் கிடைத்தது. அந்த அம்மாள் வண்டியிலிருந்து இறங்கும் மூட்டையைப் பார்த்துத் திகைத்துப் போனார். பொம்பளை குத்துகிற வீடு என்று ஊர் பேசுமே என்றார். விடிந்ததும் கொஞ்ச நேரம்தான், ஒரு மாசம் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடுகிறேன் என்று அக்கா கேட்டுக்கொண்டார். அந்த மாசத்துக்குள்ளேயே, இவர்கள் வந்த பிறகு தோட்டத்தில் முருங்கைக்காய் திருடுகிறவன் வருவதில்லை என்று பெரியம்மாளே தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்கா ஒரு பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அச்சில் ஊற்றி எடுத்த கப்புகளுக்குக் காது ஒட்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்கும் வேலை. அடுத்த வருடம் என்னையும் அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டார். அவ்வளவு பலமாகக் குத்துகிற அந்தக் கை, பச்சைமண் கப்பைத் தொடுவதைப் பார்க்க வேண்டும். கோழிக்குஞ்சை எடுப்பது போல எடுப்பார். அவர் பலகையில் காது கோணிய கப்பை நான் பார்த்ததில்லை.

அண்ணன்தான் உடைந்துபோனார். கிடைத்த கூலி வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மூட்டைப் பக்கம் திரும்புவதே இல்லை. சவரம்கூட அக்கா சொன்னால்தான். அக்கா அவரைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, அக்கா குத்திக்கொண்டே அவரைக் கூப்பிட்டார்.

“இத கொஞ்சம் புடிங்க. ரொம்ப ஆடுது.”

அண்ணன் எழுந்து வந்து வேண்டாவெறுப்பாகத் தோள் கொடுத்தார். அக்கா குத்தினார். அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் பார்வை மூட்டைக்குத் திரும்பியது; பிறகு அக்காவின் கைக்கு.

“முழங்கைய வெளிய உடாத தனம். வெலாவோட ஒட்டி வை.”

“இப்படியா?”

“இல்ல. தள்ளு, காட்டறேன்.”

வெறுங்கையால் ஒரு குத்து வைத்தார். நின்றார். இன்னொன்று வைத்தார். பிறகு அவர் நிறுத்தவே இல்லை. குத்தக் குத்தக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை. அக்கா மூட்டைக்குப் பின்னால் போய்த் தோள் கொடுத்து நின்றுகொண்டார். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டேன். அந்த வாரமே அண்ணன் ஒரு மரவாடியில் நிலையான வேலைக்குச் சேர்ந்ததாக அக்கா சொன்னார்.

எழுபத்தேழில் அரசாங்கம் மாறியது. நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி உத்தரவு வந்தது, அண்ணனையும் எடுத்துக்கொண்டார்கள். அவர் மறுபடி எஞ்சினில் ஏறிய அன்று லைன்காரர்கள் எல்லாம் மாலையோடு ஸ்டேஷனுக்குப் போனார்கள். நானும் லீவு சொல்லிவிட்டு, கையில் ஒரு மாலையோடு, அக்காவை அழைத்துப் போகலாம் என்று பட்டறைக்கு வந்தேன். அன்று சூளை பிரிக்கிற நாள். அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சூடு முழுதும் ஆறாத கப்புகளைப் பலகை பலகையாக வெளியே கொண்டுவந்து கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்கு வரவில்லையா என்று கேட்டேன்.

“காலையில இட்லி கட்டிக் குடுத்து, துன்னூறு பூசி அனுப்பிட்டேன் மேரி. அவரு வேலைக்கு அவரு போறாரு. இது என் வேலை.”

புருஷனுக்கு வேலை வந்துவிட்டதே, இனி நின்றுவிடுவீர்களோ என்று மேஸ்திரி அவரிடம் கேட்டார். யார் சொன்னது என்று அக்கா திருப்பிக் கேட்டார். நானும் மாலையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டேன். சங்கிலி போல நின்று கப்புகளைக் கை மாற்றினோம். அந்தச் சூளையில் உடைசல் மிகக் குறைவு. மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் வைக்கோல் வைத்துக் கட்டிவிட்டோம்.