அடைப்புக்குப் பயந்து

வீட்டை விற்கலாம் என்று முதலில் சொன்னது அப்பாதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அண்ணனும் நானும் அவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினோம் என்று சொந்தக்காரர்கள் சொல்வதை நீங்களும் நம்பிவிடுவீர்கள். அம்மா போனபின் அவ்வளவு பெரிய வீட்டில் அவர் ஒண்டி ஆள். அண்ணனுக்கு மதுரையில் வேலை, எனக்குக் காரைக்குடியில். வாங்கியவர் ஆற்றங்கரைச் சந்தையில் மிளகாய் மண்டி வைத்திருந்தவர். அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"என் உசுரு இந்த வீட்லதான் போகணும். அதுக்கப்புறம் சாவிய வாங்கிக்கங்க."

மண்டிக்காரர் தலையாட்டினார். நாங்களும் ஆட்டினோம். தொண்ணூற்று நான்கில் பத்திரம் பதிந்தது.

சும்மா சொல்லக் கூடாது, இரண்டு வருஷம் அவர் சாவி என்ற பேச்சையே எடுக்கவில்லை. சந்தைக்கு வருகிற நாளில் அப்பாவைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போவார். பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். கஞ்சியும் இறங்கவில்லை. இன்றோ நாளையோ என்று டாக்டர் கைவிரித்ததும் மண்டிக்காரர் எங்கள் இருவரையும் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீக தம்பி. அடுத்த வாரம் அவிட்டம் வருது. அதுலருந்து அஞ்சு நாளும் ஆகாத நாளு. அதுல எதுவும் ஆயிட்டா ஆறு மாசம் அடைப்பு. தைக்குள்ள நான் சரக்க இங்குட்டு மாத்தியாகணும்."

சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால், அந்த இடத்தை மாதக்கணக்கில் பூட்டிப்போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. அதை அன்றைக்கு அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்கள், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அண்ணன் இழுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேன் பிடிக்கப் போனேன். கோழைத்தனத்துக்கு மரியாதை என்று இன்னொரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

வேனில் ஏற்றும்போது அப்பாவுக்கு நினைவு இருந்தது.

"எங்குட்டுப்பா போறோம்?"

"ஆசுபத்திரிக்குப்பா."

"செருப்ப எடுத்து வை. திரும்பி வரையில வேணும்."

எடுத்து வைத்தேன். எழுந்து உட்காரவே முடியாத மனிதருக்குச் செருப்பு.

காரைக்குடியில் என் வாடகை வீட்டின் முன்னறையில் படுக்க வைத்தோம். கண் விழித்தபோதெல்லாம் உத்தரத்தைத் தேடினார், அங்கே வெறும் கான்கிரீட். இது எந்த ஆசுபத்திரி என்று ஒருமுறை கேட்டார். தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் நாள் விடியும்போது போய்ச் சேர்ந்தார்.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "அனுஷம். நல்ல நாள்தான். அடைப்பு கிடையாது."

அண்ணன் பெருமூச்சு விட்டார். என் வீட்டு வாசலைப் பூட்ட வேண்டாம் என்று எனக்கும் ஒரு நொடி நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடிக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மண்டிக்காரர் மாலையோடு வந்தார். நட்சத்திரத்தை விசாரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார்.

"அடடா, அங்குட்டே இருந்துருக்கலாமே தம்பி."