காற்றுச் செடிக்கு ஏசித் தண்ணீர்

அந்தச் செடியை முதலில் பார்த்தபோது, யாரோ கணவாய் மீனைக் காயப்போட்டுவிட்டு எடுக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உப்புவெளியில் நான் ஏசி திருத்தப் போகிற விடுதி ஒன்றின் முகப்பில், கரையொதுங்கிய மரக்கட்டையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் சின்ன வெங்காயம் போல ஒரு குமிழ். அதிலிருந்து சாம்பல் பச்சையில் ஏழெட்டு இலைகள், கணவாயின் கால்களைப் போல முறுகிக்கொண்டு நாலா பக்கமும் போயின. மண் இல்லை, சட்டி இல்லை.

"காத்துச் செடி தம்பி. தில்லான்சியா எண்டு சொல்லுறவை. அன்னாசியின்ர சொந்தக்காரராம். காத்தைக் குடிச்சே சீவிக்கும்" என்றார் அங்கே தோட்டவேலை பார்க்கிற அக்கா.

ஐம்பத்திரண்டு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் இருப்பதே பெரிய சங்கதி. அந்தக் குளிர்ச்சியில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு என் ஊரான சல்லிக்கு வந்தேன்.

வாங்கியது மனைவிக்கு. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் தொடங்கி ஒன்றரை வருடம். திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரத்தோடு படுக்க வேண்டும். உப்புக் கூடாது. தண்ணீர் ஒரு நாளைக்கு அரைப் போத்தில். அதற்கு மேல் குடித்தால் வெளியேற வழியில்லாமல் நெஞ்சில் போய் நிற்கும். சல்லி வெயிலில் அரைப் போத்தில் தண்ணீர் என்றால் என்னவென்று, பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கே முழுதாகத் தெரியாது.

என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று வீரமாகப் போனேன். சோதித்த டொக்டர், "உங்களுக்கே சீனி வருத்தம் இருக்கு, தெரியாதோ?" என்று கேட்டார். தேத்தண்ணீருக்கு நாலு கரண்டி சீனி போட்டுக் குடித்து வந்த தவத்தின் பலன். கொடுக்கப் போனவன் மருந்துத் துண்டோடு திரும்பி வந்தேன்.

ஆகவே என்னிடம் கொடுக்க மிச்சம் இருந்தது பகிடி ஒன்றுதான்.

"இஞ்சாரும், உமக்கொரு கூட்டாளி கொண்டுவந்திருக்கிறன். இதுவும் தண்ணி குடியாது."

அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "கணவாய்க் கருவாடோ? எனக்கு உப்புக் கூடாது எண்டு இன்னும் உங்களுக்குத் தெரியாதோ?"

"செடியப்பா. காத்தைக் குடிச்சுச் சீவிக்குமாம்."

"அப்ப வியாழக்கிழமை அதையும் ஓட்டோவில ஏத்துவம்" என்று சொல்லிச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. மருந்து கண்டுபிடித்தவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவள் கட்டிலுக்கு நேரே யன்னலில் செடியைத் தொங்கவிட்டேன்.

அந்தப் பகிடி ஒரு கிழமை, ஏழே நாள்தான் நின்றது. அடுத்த முறை விடுதிக்குப் போனபோது தோட்டக்கார அக்கா கேட்டார்: "கிழமைக்கு ஒருக்கால் அரை மணித்தியாலம் தண்ணிக்குள்ள ஊறப் போடுறியள்தானே?"

"காத்துக் குடிக்கும் எண்டியள்?"

"வெறும் காத்தோட நீங்கள் சீவிப்பியளோ தம்பி? ஒரு கதைக்குச் சொல்லுறதுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசின் நிறையத் தண்ணீர் எடுத்துச் செடியை அமிழ்த்தினேன். குசினி அடுப்படியில் வைக்கத்தான் போனேன். "இஞ்சையே வையுங்கோ, பாப்பம்" என்றாள். வைத்தேன்.

"நல்ல கூட்டாளிதான்! நான் போத்திலில கோடு பாத்துக் குடிக்கிறன், அது முங்கிக் குளிக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த அரை மணித்தியாலமும் பேசினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதை நான் கண்டேன். கண்டும் அடுத்த ஞாயிறு அதே இடத்தில் வைத்தேன். ஊருக்கெல்லாம் கோளாறு பார்க்கிறவனுக்குத் தன் வீட்டில் எது பழுது என்று தெரியவில்லை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். இரண்டு மூன்று கிழமையில் இலை நுனிகள் கருகின. மழைத் தண்ணீர்தான் நல்லது என்றார் தோட்டக்கார அக்கா. மழைக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஏசியிலிருந்து வடிகிற தண்ணீரில் உப்பே இல்லையே! போகிற விடுதிகளில் எல்லாம் வடிகுழாய்க்குக் கீழே போத்திலைப் பிடிக்கத் தொடங்கினேன்.

"என்ன அண்ணை, இதையும் அடைச்சு விக்கப் போறியளோ?" என்று ஒரு விடுதி முகாமையாளர் கேட்டார்.

"ஓம், உங்கட அறை வாசம் இலவசம்" என்றேன்.

ஒரு ஞாயிறு, செடியை ஊறப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். பாதி வழியில், கேஸ் அளக்கிற மீற்றரை மறந்து வந்தது தெரிந்து திரும்பினேன். செடி மேசையில் கிடந்தது. பேசின் வெறுமையாக இருந்தது. அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சனீரோ?"

"ஓம்."

"முழுக்கவோ?"

"ஓம்."

"அது ஏசித் தண்ணியப்பா! உள்ளுக்கை பாசி, பல்லிப் பீ..."

"தெரியும். நீங்கள்தானே கழுவிப்போட்டு வந்து கதை கதையாச் சொல்லுறனீங்கள்." தலைப்பைக் கீழே விட்டுச் சொன்னாள்: "உப்பே இல்லை."

செடியைத் தூக்கினேன். நடு இலைகள் கொத்தாகக் கையோடு வந்தன, அடி கறுத்து அழுகி. ஏசிக் குழாயின் செம்பு இந்தச் செடிக்கு நஞ்சு என்று அக்கா பிறகுதான் சொன்னார். பெருமையாகக் காவி வந்த தண்ணீர் இரண்டு பேருக்குமே ஆகாத தண்ணீர்.

"அடுத்த முறை நேரா ஏசியிலையே வாயை வையும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வரேல்லை. இனி ஒரு நாளும் வரேல்லை. ஆசைக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போற நேரம் போறன்."

"நீர் போனா நான் ஆரிட்டைப் பகிடி விடுறது?"

பகிடியாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குரல் நடுவழியில் என்னைக் கைவிட்டது.

"அதுக்காகத்தானே இவ்வளவு நாளும் வந்தனான்" என்றாள்.

என் பகிடிதான் அவளைத் தாங்கிப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரிந்தவன் நான். தாங்கியது யார் என்று அன்றுதான் விளங்கியது.

திங்கள் காலையில் அவளுக்குப் படுக்க ஏலவில்லை. நிமிர்ந்து இருந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டோ வந்து நின்றது. நான் செருப்பை அவள் காலடியில் வைத்தேன். அவள் காலை நுழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் நிறை பார்ப்பார்கள். தராசைப் பார்த்த தாதி அதிர்ந்தாள்.

"மூண்டு கிலோ கூட! எவ்வளவு தண்ணி குடிச்சனீங்கள் அம்மா?"

"நான்தான் குடுத்தனான்" என்றேன்.

"உங்களுக்கு விளங்காதோ ஐயா? ஆளைக் கொல்லப் பாக்கிறியளோ?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே. ஊசிகளைக் குத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, தாதி அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"வியாழக்கிழமை வரமாட்டன்" என்றாள் மனைவி, மெதுவாக. "இப்பவே சொல்லிப்போட்டன்."

போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டேன்.

"வியாழன் கிடக்கட்டும். இண்டைக்கு எத்தினை மணித்தியாலம் போடுவினம்?" என்று கேட்டேன்.

"நாலு."

"சரி" என்று சொல்லிவிட்டு, கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு இருந்தேன்.