எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்தவர்

பட்டாசு ஆலைகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் யாராவது போனில் சாவுச் செய்தி சொன்னால், எப்போது என்று யாரும் கேட்பதில்லை. "எந்த ஆலை?" என்றுதான் கேட்போம். போன வாரம் காலையில் வசந்தா அழைத்து, "அவுக போயிட்டாக அண்ணே" என்றபோது என் வாயிலும் அதுதான் வந்தது. "ஆலை இல்லண்ணே. நெஞ்சுவலி. விருதுநகர் ஆசுபத்திரில, தூக்கத்துலயே" என்றாள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். விட்ட பிறகுதான், போனது அவள் வீட்டுக்காரர், நம் குருபாதம் என்பது உறைத்தது. வாழ்நாள் முழுக்கச் சத்தத்துக்குப் பயந்த மனிதர் ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டார்.

சிவகாசி வட்டாரத்தில் கணினியைத் தொட்ட அனைவருக்கும் அவரைத் தெரியும். பட்டாசுக் கம்பெனிகளின் இருப்பு, ஆள் வருகை, லோடுக் கணக்கு எல்லாவற்றையும் வைத்திருக்கும் தரவுத்தளங்களை நானும் அவரும் சேர்ந்துதான் கட்டினோம். நான் கட்டுவேன். அவர் பயப்படுவார். இதுதான் எங்கள் தொழில் பங்கீடு. பூமியில் நடமாடிய பயந்தாங்கொள்ளிகளுக்கெல்லாம் அவர் சக்கரவர்த்தி. கம்பி மத்தாப்பைக்கூட ஒரு தோரணக் கம்பில் கட்டித்தான் பிடிப்பார். பக்கத்துத் தெருவில் ஓலை வெடி வெடித்தால், இவர் தாயில்பட்டியில் இருக்கும் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டு, எல்லோரும் "இருக்கோம்" என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் குடிப்பார். என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை "மாமா" என்பார்; நான் "மாப்ளே" என்பேன். ஏன் என்று இருவருக்கும் தெரியாது.

அந்தப் பயத்தை வைத்து அவர் ஒரு வேலைமுறை உண்டாக்கியிருந்தார். எந்தச் சர்வரிலும் எல்லோருக்கும் கீழே, ஒரு உரிமையும் இல்லாத ஒரு பயனரை உருவாக்குவார். அதற்கு 'கள்ளன்' என்று பெயர். அந்தப் பெயரில் உள்ளே நுழைந்து, செய்யக்கூடாததையெல்லாம் செய்து பார்ப்பார். சம்பளத்தைத் திருத்துவார், இருப்பை அழிப்பார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "ஆண்டவரே" என்று முணுமுணுத்துக்கொண்டு பட்டனைத் தட்டுவார். 'அனுமதி இல்லை' என்று திரையில் வந்தால், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி முகம் மலரும். "நமக்கு முடியுறதப் பாக்குறது சோதனை இல்ல மாமா. முடியக்கூடாதது முடியாம இருக்கான்னு பாக்கணும்" என்பார்.

நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் புதுச் சர்வர் வைத்த நாளை நான் என் அடுத்த பிறவியிலும் மறக்கமாட்டேன். தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்தது. மருந்து அடைக்கும் அறை ஒன்றுக்கு நான்கு பேருக்குமேல் போகக்கூடாது என்பது சட்டம். காலையில் வாசலில் உள்ள மிசின் ஒவ்வொருவருக்கும் அறைச் சீட்டு அடித்துக் கொடுக்கும். நாலு சீட்டு அடித்ததும் அந்த அறைக்கு நின்றுவிடும். அந்த 'நாலு' தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையில் இருந்தது. அதை மாற்றும் உரிமை போர்மேனுக்கு மட்டும்தான். சூப்பர்வைசர் பார்க்கலாம், தொடமுடியாது. ஏன் இந்தக் கட்டுப்பாடு என்றால், சூப்பர்வைசர் மாடசாமி நல்ல மனிதர்தான், ஆனால் லாரி வாசலில் நிற்கும்போது, "ஆறு பேர உக்கார வச்சா லோடு வெரசா போவும்ல" என்று யோசிக்காத சூப்பர்வைசர் இன்னும் பிறக்கவில்லை.

புது மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், பிச்சிப்பூச் சரம். முதலாளி அண்ணாச்சி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். வெளியே தூக்குச்சட்டிகளோடு பெண்கள் சீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். குருபாதம் நடுவில் வந்து, "அண்ணாச்சி, ஒடைக்கிறதுக்கு முன்னால கள்ளனா ஒருக்கா உள்ள போயிட்டு வந்துருதேன்" என்றார்.

"ஏய்யா, நல்ல நேரத்துல கள்ளன் கிள்ளன்னுட்டு" என்றார் அண்ணாச்சி.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. அந்த 'நாலை' மாற்றப் பார்த்தார். 'அனுமதி இல்லை' என்று வந்தது. நான் கைதட்டினேன். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. பழைய சர்வருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். எப்படிக் கூப்பிட்டாலும் ஒரே அட்டவணை வந்து நிற்கும். புதியது அப்படியில்லை. முதலெழுத்து பெரிதாக இருந்தால் ஓர் அட்டவணை, சின்னதாக இருந்தால் வேறோர் அட்டவணை. அவர் அதே பெயரைச் சின்ன எழுத்தில் அடித்து, நாலை நாற்பது என்று மாற்றி, "ஆண்டவரே" என்று தட்டினார்.

ஒன்றும் வரவில்லை. எச்சரிக்கையும் இல்லை, மறுப்பும் இல்லை. புதுச் சர்வர் பேசாமல் வாங்கிக்கொண்டது.

"ஒரு சத்தமும் வரலையே மாமா" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வாசல் மிசினுக்கு ஓடினார். ஒரே அறைக்குப் பட்டனை விடாமல் அழுத்தினார். ஐந்தாவது சீட்டு வந்தது. ஆறாவது, ஏழாவது. கிர் கிர் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. முன்னால் நின்ற பெண் சீட்டுகளை எட்டிப் பார்த்து, "அண்ணே, எங்க ரூம்புக்கா இம்புட்டுப் பேரு? நாங்க நாலு பேருதான" என்றாள்.

நடந்தது இதுதான். சர்வரை மாற்றும்போது பாதி நிரல்கள் அட்டவணை கிடைக்கவில்லை என்று அழுதன. அவசரத்தில் குருபாதமே சின்ன எழுத்துப் பெயரில் இன்னொன்றை உருவாக்கி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்திருந்தார். பூட்டைப் பெரிய எழுத்து அட்டவணைக்குப் போட்டார். வாசல் மிசின் படித்ததோ சின்ன எழுத்து அட்டவணையை.

"தப்பு எங்கிட்டதான் அண்ணாச்சி. இன்னைக்கு இது ஓடவேணாம்."

"லோடு நிக்குதுய்யா வெளியில! இன்னைக்கு ஒரு நாளு நாங்க எண்ணி உள்ள விடுதோம். நீரு பொறவு சரி பண்ணும்."

"எண்ணி விடுவீகன்னா இந்த மிசின் எதுக்கு அண்ணாச்சி?"

சொல்லிவிட்டு, உலகத்திலேயே பயந்த அந்த மனிதர், அண்ணாச்சியின் கண்முன்னாலேயே பிச்சிப்பூச் சரத்தோடு சேர்த்து சர்வரின் ஒயரைப் பிடுங்கினார். ஒயரை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றார். கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. வேட்டி காற்றில் ஆடுவதாக மாடசாமி நினைத்துக்கொண்டார். அன்று எங்கள் ஊரில் காற்றே இல்லை. அண்ணாச்சி பார்த்த பார்வையில் நான் கற்பூரம் போலக் கரைந்துகொண்டிருந்தேன். எங்களுக்கு வேலை தந்தவற்றில் பெரிய கம்பெனியே அதுதான். கடைசியில் அவர் தேங்காயை என் கையில் கொடுத்து, "பழைய சர்வரையே மாட்டுங்கய்யா" என்றார். பெண்கள் நாலு நாலு பேராக உள்ளே போனார்கள். அன்று உடையாத தேங்காய் எங்கள் வீட்டில் சட்னி ஆனது. குருபாதம் ஒரு துளிகூடத் தொட்டுக்கொள்ளவில்லை. "அது ஓடியிருந்தா மாமா" என்று இட்லியைப் பிய்ப்பார், நிறுத்துவார். மீதியைச் சொல்லவே இல்லை.

அடக்கம் முடிந்து வந்து அவருடைய கணக்கை மூடுவதற்காக அந்தக் கம்பெனியில் பிறகு சரிசெய்து மாட்டிய புதுச் சர்வரைத் திறந்தேன். அவர் பெயரில் மேலுரிமை எதுவும் இல்லை. எப்போதோ தன்னைத் தானே நீக்கிக்கொண்டிருக்கிறார். மிச்சம் இருந்தது கள்ளன் மட்டும்தான், ஒரு உரிமையும் இல்லாமல்.

கள்ளனை நான் நீக்கவில்லை. நண்பர்களே, அவரிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். இன்று காலை அந்தப் பெயரில் உள்ளே போய், நாலை ஐந்தாக மாற்றும் கட்டளையை அடித்தேன். முதலில் பெரிய எழுத்தில், பிறகு சின்ன எழுத்தில், பிறகு கலந்து. பட்டனுக்குமேல் விரல் நின்றுவிட்டது. ஊரையே கேலி செய்யும் இந்த வாய், "ஆண்டவரே" என்றது.

'அனுமதி இல்லை.'

அப்புறம்தான் தண்ணீர் குடித்தேன்.