இடது பக்கம் இழுக்கிற வண்டி

என் வீட்டுக்காரருக்குக் கண்ணின் ஓரப் பார்வை போய்க்கொண்டிருந்த காலம் முழுவதும் நாங்கள் ஒரு பழைய பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கைச் சரிசெய்துகொண்டிருந்தோம். இதை யாரிடம் சொன்னாலும், "ஐயோ பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறார்கள். எப்படித் தெரியும் என்றுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் எரிச்சல் வந்துவிடுகிறது. யார் மேல் என்று கேட்டால், முதலில் அந்த வண்டி மேல், அப்புறம் அவர் மேல், அப்புறம் என் மேல்.

மேற்கு மாம்பலத்தில் எங்களுக்கு மளிகைக் கடை. கடைக்குச் சரக்கு எடுத்து வரத்தான் அந்தப் பிக்கப்பை வாங்கினோம். பாரிமுனையிலிருந்து பருப்பு மூட்டையும் எண்ணெய் டின்னுமாக ஏற்றிக்கொண்டு வரும். பிறகு மொத்த வியாபாரிகளே வாசலில் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். வண்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. விற்றுவிடலாம் என்றேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான புதிதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. விற்கப் போவதில்லை என்று அர்த்தம்.

சைதாப்பேட்டையில் ஆற்றோரமாக ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக்தான் எங்கள் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர். இவரை விடச் சின்னவர், இவரை அண்ணே என்பார், என்னை அக்கா என்பார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரைக் கோவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பள்ளம் வெட்டி, சேறு கலக்கி, பாறாங்கல் போட்டு, அதில் பழைய ஜீப்பையும் பிக்கப்பையும் இறக்கிப் போட்டி நடத்துகிறார்கள். இரண்டு பக்கமும் கட்டியிருக்கும் கயிற்றில் படாமல், கவிழாமல் வந்து சேர வேண்டும். இவர் வீட்டுக்குத் திரும்பியபோது சட்டையெல்லாம் சேறு, வாயெல்லாம் பல்.

"நம்ம வண்டியே போதும்டி. கொஞ்சம் தூக்கணும், அவ்ளோதான்."

"எதைத் தூக்கணும்?"

"வண்டியத்தான்."

"அம்பது வயசுக்கு மேல இது ஒண்ணுதான் கொறச்சல்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். ஆனால் தடுக்கவில்லை. விடிந்தால் கடை, இருட்டினால் கடை என்று இருந்த மனுஷன். ஒரு சினிமாவுக்குக்கூட வா போகலாம் என்று கூப்பிட்டதில்லை. முதன்முறையாக ஒன்று வேண்டும் என்று கேட்கிறார், அதையும் வேண்டாம் என்று சொன்னால் நான் என்ன மனுஷி?

வண்டியைத் தூக்குவது என்றால், சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி மேலே வைத்துக் கட்டுவது. அப்போது வண்டி தரையிலிருந்து உயர்ந்துவிடும். பெரிய டயர் போடலாம், பாறையில் அடி தட்டாது. ஷெட்டிலிருந்து அது தெருவுக்குள் வந்த அன்றைக்கு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஏறி உட்கார, கடையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். எதிர் வீட்டு மாமி கீழே இறங்கி வந்து ஒரே சத்தம். "ஏண்டிம்மா, உங்காத்துக்காரர் வண்டி எங்காத்து கேபிளை அறுத்துண்டு போயிடுத்து! சீரியல் பாத்துண்டு இருந்தேன், பாதியில போச்சு!" என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். அந்தத் தெருவில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

தூக்கிய பிறகு ஒரு கோளாறு வந்தது. அது நிஜமான கோளாறு, அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. பிடித்திருக்கும் கையை வெடுக்கென்று இழுத்தது. மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி எனக்கு விளக்கினார்.

"ஸ்டியரிங் பாக்ஸ்லேர்ந்து வீலுக்கு ஒரு ராடு போவுது பாருக்கா. மின்னெல்லாம் படுத்துக்கினு இருந்துச்சு. வண்டிய தூக்கினதும் அது செங்குத்தா நிக்குது. வீலு மேல ஏறும்போது ராடு தள்ளுது. இன்னா பண்றது, தூக்கினா இந்த ரோதனை கீது."

அந்த ராடு சக்கரத்தோடு சேரும் இடத்தை உயர்த்தி, மறுபடியும் படுக்க வைத்தார். வேலை முடிந்ததும் அவரே ஓட்டிப் பார்த்தார். பள்ளத்தில் விட்டார், மேட்டில் ஏற்றினார். "சூப்பரா கீது அண்ணே" என்று சாவியைக் கொடுத்தார். அத்தோடு எங்கள் கதை முடிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஓட்டி வரும்போதே இவர், நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியை இடது பக்கம் உரசிக்கொண்டு வந்தார். "இன்னும் இழுக்குது" என்றார். அடுத்த வாரம் எங்கள் வீட்டு கேட்டுத் தூண். அப்புறம் காய்கறி வண்டி ஒன்றின் மூலை. தக்காளி ரோடெல்லாம் உருண்டது. தள்ளிக்கொண்டு வந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய விஷயம். எல்லாமே இடது பக்கம். "லெஃப்ட்ல இழுக்குதுடி, கைக்குத் தெரியுது" என்று அவர் சொன்னபோது நான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? இழுத்த வண்டிதானே? அதுவும் அவ்வளவு உயரத்தில் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிறவருக்கு இடது ஓரம் எப்படி அளவு தெரியும் என்று தெருவில் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

மெக்கானிக் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அசோக் நகர் பக்கம் அகலமான ரோட்டில் எங்களை வைத்துக்கொண்டே ஓட்டிக் காட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். வண்டி நேராகப் போயிற்று.

"பாருங்க அண்ணே, நூல் புடிச்சாப்ல போவுது."

"உனக்குக் கை பழகிடுச்சு. நான் ஓட்றப்பதான் இழுக்குது."

"அது எப்படி அண்ணே, ஆளப் பாத்தா இழுக்கும்?"

"அப்ப நான் பொய் சொல்றனா?"

மெக்கானிக் வண்டியை ஷெட்டுக்கே திருப்பினார். தானே வெட்டி, தானே வெல்டு வைத்த வண்டி. தன் கையில்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பயந்துவிட்டார் போல. மறுபடியும் பிரித்தார். புதுப்பேட்டையில் தேடி வேறு ஸ்டியரிங் பாக்ஸ் வாங்கி வந்து மாட்டினார். அலைன்மென்ட் பார்த்தார். பவர் ஸ்டியரிங் போட்டார். சக்கரத்தின் பேரிங்கை மாற்றினார். ஒவ்வொரு வேலைக்கும் வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நின்றது. ஒவ்வொரு தடவையும் இவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, ஆனா இன்னும் லேசா இருக்கு" என்பார். போட்டிகள் வந்து வந்து போயின. ஸ்டியரிங் சரியாகாமல் கலந்துகொள்ள மாட்டேன் என்று பிடிவாதம். நானே பேரிங்கையும் ராடையும் பற்றி வாடிக்கையாளர்களிடம் பேசும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அதே காலத்தில் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ரூமிலிருந்து வரும்போது இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொள்வார். இடது பக்கம் தண்ணீர் டம்ளர் வைத்தால் தட்டிவிடுவார். பண்டிகைக்குத் துணி எடுக்க ரங்கநாதன் தெருவுக்குப் போனபோது ஒரு பெண்மணி மேல் மோதிவிட்டு, அந்தம்மாள் திட்டத் திட்ட இவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ண எங்க வச்சுக்கிட்டு நடக்கிறீங்க? எந்நேரமும் அந்தப் பாழாப்போன வண்டி நெனப்புதானா?" நடு ரோட்டில், அத்தனை கூட்டத்தில் கத்தினேன். அவர் பையை வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வந்தார்.

அந்த வண்டியைத் தூக்காமலே இருந்திருந்தால், முதல் ஸ்கூட்டரை உரசிய அன்றைக்கே யாராவது ஒருவர், "யோவ், போய் கண்ணைக் காட்டுய்யா" என்று சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன். எங்கள் துரதிர்ஷ்டம், குற்றம் சொல்ல ஒரு ஸ்டியரிங் இருந்தது.

கடைசியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்காக. பில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று மந்தைவெளியில் ஒரு டாக்டரிடம் போனேன். இவர் துணைக்கு வந்தார். என்னைப் பார்த்து முடித்த டாக்டரம்மா, "சார் கண்ணு எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டார். "எனக்கென்ன, பேப்பர் எல்லாம் நல்லா படிக்கிறேன்" என்றார் இவர். அது உண்மை, நேரே பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. சும்மா உட்காருங்கள் என்று சொல்லி ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்தம்மாள் பேச்சைக் குறைத்துவிட்டார். பிறகு எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார்.

"என் மூக்கையே பாருங்க. பக்கத்துல விரல ஆட்டுவேன். தெரிஞ்சதும் சொல்லுங்க."

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டாக்டரின் விரல் அவருடைய இடது பக்கத்தில் ஆடியது. நன்றாகவே ஆடியது. அவர் அசையாமல் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டுங்க டாக்டர்" என்றார்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி, தூண், தக்காளி, தண்ணீர் டம்ளர், ரங்கநாதன் தெரு, எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. வலிக்காதாம், சிவக்காதாம், ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. சொட்டு மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது. "எதுலயாவது இடிச்சுக்கிட்டீங்களா? எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"வண்டி ஸ்டியரிங்ல கொஞ்சம் பிரச்சினை இருந்துச்சு டாக்டர்" என்று இவர் ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்திவிட்டார். "இனிமே ஓட்டக் கூடாது சார். முன்னாடியே வந்திருந்தா நெறைய காப்பாத்தியிருக்கலாம்" என்றார் அந்தம்மாள். கடிந்துகூடச் சொல்லவில்லை. கடிந்து சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மெக்கானிக்கிடம் நான்தான் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னேனேக்கா, நேரா போவுதுன்னு சொன்னேனே. கெட்டியா நின்னு சொல்லாம வுட்டுட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் மூன்று பேரில் கொஞ்சமாவது உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வண்டியை வாங்க ஒரு ஆள் வந்தார், பேசி முடித்தாயிற்று. கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்றார் இவர். ரோட்டில் இல்லை, அந்தச் சவுக்குத் தோப்பில், ஆளில்லாத நாளில். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

தோப்பு வரைக்கும் மெக்கானிக் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிக்கொண்டார். நான் ஸ்டூலைப் போட்டு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். "மரம் வருது, கொஞ்சம் வலது. போதும். இப்ப நேரா விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பள்ளத்தில் இறங்கினோம். உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சேற்றில் உறுமிக்கொண்டு மேடேறியது. ஸ்டியரிங் அவர் திருப்பிய அளவுக்கு மேல் துளியும் திரும்பவில்லை. தோப்பைத் தாண்டி வெட்டவெளி வந்ததும் வேகத்தைக் குறைத்தார். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க!"

"சும்மா இரு. பாரு."

வண்டி நேராகப் போயிற்று. மணல் மேட்டில் ஏறி இறங்கி, அப்போதும் நேராகவே போயிற்று.

"ஒண்ணுமே இழுக்கலடி" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடவுளே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இடது பக்கம் இழுத்துத் தொலையேன் என்று அந்த வண்டியிடம் மனசுக்குள் கெஞ்சினேன். அது நேராகவே போய்க்கொண்டிருந்தது.