எழுபத்தொன்பது மாதத்துப் பட்டம்

எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன். கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தட்டுகளை எண்ணுவேன். ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் செக்ரோல் என்ற ஆள்வரவுப் புத்தகம் எழுதிய கிளாக்கர் நான். யாருக்கு முழு நாள் பேர், யாருக்கு அரை நாள் பேர், சம்பளத்தில் யாருக்கு எவ்வளவு வெட்டு என்று எழுதி எழுதி, வீட்டுக்கு வந்த பிறகும் மனம் கோடு போட்ட தாளாகவே இருந்தது.

2003இல் என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. சம்பளம் மாதம் 5,800 ரூபா. ஒருநாள் சாப்பாட்டின்போது, முன்பிள்ளைப் பருவக் கல்வியில் பட்டம் படிக்கப் போகிறேன் என்றாள். மூன்று வருடம், சனி ஞாயிறில் கொழும்பில் வகுப்பு. வேலையை விட வேண்டியதில்லை. கட்டணம், பஸ், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். வங்கி கடன் தரும், பிணைக்கு நிரந்தரச் சம்பளக்காரர் இருவர் வேண்டும். பதிவு முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது.

"மூக்குச் சிந்தி விடுறதுக்குப் பட்டம் எதுக்கு?" என்று கேட்டேன்.

பதில் என் மனைவியிடமிருந்து வந்தது. "பேர் எழுதுறதுக்கு நீங்க மட்டும் எஸ்.எஸ்.ஸி. படிச்சீங்களே, அது எதுக்குங்க?"

நான் எழுந்து போய்த் தாள் எடுத்தேன்.

பதினேழு நாளில் பதினான்கை அந்தத் தாளுக்கே கொடுத்தேன். பட்டம் கிடைத்தால் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாளராகலாம், சம்பளம் மாதம் 1,900 ரூபா கூடும் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஒன்றரை லட்சத்தை 1,900 ஆல் வகுத்தால் எழுபத்தொன்பது மாதம். அதாவது பட்டம் கிடைத்து ஆறு வருடம் ஏழு மாதத்தில் அது தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயதும் ஏழு மாதமும். அதன் பிறகு வருவதெல்லாம் லாபம். இடையில் கல்யாணமானால் என்ன செய்வது என்று தெரியாமல் மூலையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். மனைவி அதை அழித்தாள். நான் மறுபடி போட்டேன்.

கடனைக் கட்டுவதற்கு இன்னொரு தாள். மாதம் 2,500 வீதம் அறுபது மாதம். ஒன்றரை லட்சம் சரியாக முடிந்தது. ஒரு சதம் மிச்சமில்லை. அந்த அழகைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன் என்று நினைக்கிறேன். முதல் பிணை நான். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு, ஸ்டோரில் கொழுந்தைத் தூளாக்கும் பொறுப்பிலிருந்த டீமேக்கரிடம் போய் வரிவரியாக விளக்கினேன். அவர் கொழுந்துக் கூடையில் கண்ணை வைத்தபடியே கேட்டுவிட்டு, தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாவது பிணைக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பதினாறாம் நாள் நானும் மகளும் பலாங்கொடைக்குப் போனோம். வங்கி அதிகாரி இளம்பிள்ளை, மரியாதையானவர். "மாத்தயா" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். சிங்களத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கணக்குப் பார்க்கும் மெஷினைத் தட்டி என் பக்கம் திருப்பினார். மாதம் 3,570. மெஷின் பழுது என்று நினைத்தேன். அவரை மறுபடி தட்டச் சொன்னேன். அதே 3,570. மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூறு.

அப்போதுதான் விளங்கியது. நான் வட்டியைப் போடவே இல்லை.

இதை வாசிப்பவர்கள், ஒரு கிளாக்கர் இப்படியும் இருப்பானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் உத்தியோகத்தில் நான் வெட்டிய கடனெல்லாம் தீபாவளி அட்வான்ஸ்தான். பண்டிகைக்கு முன் கொடுப்பார்கள், பிறகு சம்பளத்தில் பத்துத் துண்டாக வெட்டுவோம், முடிந்தது. வட்டி கிடையாது. அத்தனை தீபாவளி வெட்டிய கை, மகளின் பட்டத்தையும் தீபாவளி அட்வான்ஸ் என்று நினைத்து வெட்டிவிட்டது.

அதிகாரியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மகளை வெளி வாங்குப் பலகைக்கு அழைத்துப் போனேன். கணக்குப் பிழைத்துவிட்டது என்றேன்.

"தெரியும்ப்பா," என்றாள். "வட்டிக்கு நீங்க கட்டமே போடல."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க இன்னொரு தாள் எடுத்திருப்பீங்க. நாளையோட பதிவு முடியுது."

எழுபத்தொன்பது இப்போது நூற்றுப் பதின்மூன்று மாதம் என்று மனதுக்குள் வகுத்துச் சொன்னேன். அடுத்த வருடம் பார்ப்போமே என்றேன். அடுத்த வருடம் கட்டணம் கூடும், அதையும் கணக்கில் போடுங்கள் என்றாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"காம்பராவுல இருபத்தெட்டுப் பிள்ளைகப்பா. அதுல மூணு, பேச வேண்டிய வயசுல பேசல. தாய்மார் வந்து என்னைத்தான் கேக்குறாங்க. எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல."

இருபத்தெட்டில் மூன்று. நூற்றுக்கு எத்தனை என்று நான் பார்க்கத் தொடங்கினேன், உண்மையாகவே தொடங்கினேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து அடையாள அட்டையில் இருந்ததைப்போல இல்லை என்று அதிகாரி இன்னொரு தாள் கொடுத்தார். மூன்றாவது தடவைதான் ஒத்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நேரே ஸ்டோருக்குப் போனேன். என் பிழையான கணக்கை நம்பி இன்னொரு மனிதரும் மாட்டிக்கொண்டார் என்று பஸ்ஸில் வரும்போதே தோன்றிவிட்டது. டீமேக்கரிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேண்டுமானால் வேறு பிணை தேடுகிறேன் என்றேன்.

அவர் தேயிலையை விரலால் நசுக்கி மணந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்க கணக்க யாருங்க கேட்டா, கிளாக்கர்? எம் பேத்தி அந்தக் காம்பராவுலதான் இருக்கா. ஒங்க மககிட்டதான் சோறு திங்கிறா. வீட்டுல யாரு ஊட்டினாலும் வாயத் தொறக்க மாட்டா."

என் இரண்டு தாள்களையும் திருப்பித் தந்தார். ஒன்றில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் இருந்தது.

மகள் படித்து முடித்தாள். சம்பளம் கூடியது 1,650 மட்டுமே. பட்டம் இன்னும் நட்டத்தில்தான் ஓடுகிறது, எவ்வளவு என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. பேசாத மூன்றில் இரண்டு பேசின. மிச்சமிருந்த ஒன்றைக் கண்டிக்குக் கூட்டிப்போய்க் காது சோதிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான்.

கடன் போன வருடம் முடிந்தது. அறுபது தவணையில் இரண்டு பிந்தி, அபராதமும் விழுந்தது. இரண்டும், அவள் பணத்தைக் கையில் கொடுத்து என்னைக் கட்டச் சொன்ன மாதங்கள். கடைசி நாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.