கப்பல் உப்பு

கப்பலிலிருந்து திரும்பும்போதெல்லாம், காரின் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கமலவேணி செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. கைப்பையைத் திறப்பார். சாப்பாட்டு மேசையில் வைத்திருப்பார்களே, காகிதத்தில் மடித்த சின்ன உப்புப் பொட்டலங்கள், அவற்றில் ஒரு பிடி அள்ளுவார். முன்னால் எட்டி, ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து சீட்டில் கொட்டுவார். கையில் கொடுக்கமாட்டார். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நம்பிக்கை. வேறு எதற்கும் கட்டுப்படாத மனுஷி, இது ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பட்டிருந்தார்.

"எடுத்துக்கோ தேவேந்திரா. கப்பல் உப்பு."

தேவேந்திரன் அவருடைய கணவரின் தம்பி. வாடகைக் கார் ஓட்டுகிறான். நாலு வருஷமாக அவன் நெஞ்சில் ஒரு குறை கிடந்து அறுக்கிறது. அமாவாசையன்று அவன் அண்ணன் பஞ்சாட்சரத்துக்குச் சமைத்துப் படைக்க வேண்டியவர் இந்த அண்ணி. இவரோ அமாவாசையாகப் பார்த்துக் கப்பலேறிப் போய்விடுகிறார். செத்துப்போன அண்ணன் இலையில் மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த சாம்பார் விழுகிறது. அதைவிட வயிற்றெரிச்சல், அந்தக் கப்பலுக்கு இவரைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிக்கொண்டு வருவதும் அவனேதான். வேறு வண்டி பிடித்துப் போகட்டும் என்று விட்டால், அந்த வண்டிக்காரன் ஊரெல்லாம் சொல்லுவான்.

கமலவேணிக்கு அறுபதை ஒட்டிய வயது. மாகறலில் பிறந்து, காஞ்சிபுரத்துத் தறி வீட்டுக்கு மருமகளாக வந்தவர். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலான பாவைப் பிணைப்பது அவர் தொழில். தறியில் ஒரு பாவு நெய்து தீரப்போகிற நேரத்தில், பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று விட்டுப்போனாலும் புடவையில் கோடு விழும். நாள் முழுக்கக் குனிந்தே செய்த வேலையால், நடக்கும்போதும் அவருக்குத் தலை ஒரு சாண் முன்னால் போகும். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எவ்வளவு சோப்புப் போட்டாலும் சாம்பல் நிறம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அந்த இரண்டு விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருக்கும். டிவி பார்க்கும்போது மெதுவாக. சண்டை போடும்போது வேகமாக.

கப்பல் அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு பாத்திரக் கடைக் குலுக்கலில். கொரோனா அடங்கிய மறு வருஷம். முதல் பரிசு, சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுக் கடலில் சுற்றிக் காட்டித் திரும்புகிற 'சாகரிகா' என்ற சொகுசுக் கப்பலில் இரண்டு பேருக்கு டிக்கெட். பரிசு வாங்க வந்து நின்ற ஆளைப் பார்த்ததும் கடைக்காரருக்கே பாவமாகப் போய்விட்டது.

"உங்களுக்கு இன்னாத்துக்கும்மா இந்தக் கடல் கிடல் எல்லாம்? அதுக்குப் பதிலா நல்ல கிரைண்டரா ஒண்ணு எடுத்துக்கினு போங்க."

"ஆட்டினது போதும்பா. கப்பலயே குடு."

கூடப் போனவர் பக்கத்து வீட்டுப் பெரியநாயகி. கரை மறைந்ததும் வாந்தி எடுக்க ஆரம்பித்து, திரும்பிக் கரை தெரிந்தபோதுதான் அவர் நிறுத்தினார். இன்றைக்கும் யாராவது கடல் என்று சொன்னால் எலுமிச்சம்பழம் தேடுவார். "காசிக்குப் போறவங்க உண்டு, ராமேஸ்வரத்துக்குப் போறவங்க உண்டு. அமாவாசை அதுவுமா ஆட்டம் பாட்டம் பாக்கப் போறவ நம்ம தெருவுல ஒருத்திதாம்மா" என்று தண்ணீர்க் குழாயடியில் கமலவேணி காதில் விழுகிற மாதிரி சொல்லுவார்.

"நீயும் வாயேன் பெரியநாயகி. உனக்கு வாளி நான் எடுத்துக்கினு வரேன்" என்பார் கமலவேணி.

இரண்டாம் பயணத்திலிருந்து எல்லாம் சொந்தச் சம்பாத்தியம். சீட்டுக் கட்டி எடுத்துப் போகிறார். ஒவ்வொரு முறையும் அதே சாகரிகா, அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அதே அறை. "ஜன்னல் இன்னாத்துக்கு? ஒரு முழம் கடலப் பாக்கறதுக்கா? மேல போனா மொத்தமும் என்னுதுதான்." இடையில் ஒரு பருவம் சாகரிகாவைப் பழுது பார்க்கக் கொண்டுபோய்விட்டார்கள். இன்னொரு பெரிய கப்பல் வந்திருக்கிறது, அதே விலைக்கு பால்கனி வைத்த அறையே தருகிறோம் என்று டிக்கெட் போடுகிறவர் போனில் கெஞ்சினார். கமலவேணி அதன் படத்தைப் போனில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கப்பலா, கல்யாண மண்டபமா? எங்க சாகரிகா வரட்டும்பா" என்று வைத்துவிட்டார். அந்தப் பருவம் முழுக்க வீட்டில்தான் இருந்தார். அமாவாசை தவறாமல் படைத்தார். யாரோடும் பேசவில்லை.

ஏன் அந்தக் கப்பல் என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் உண்டு. ஆட்டம் பாட்டம் நடக்கிற மேடையில் சிவப்புத் திரை ஒன்று இருக்கிறது. அதை இழுத்துக் கட்டுகிற கயிற்றின் குஞ்சம் பிய்ந்து தொங்கியதாம். எல்லோரும் மேஜிக் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, இவர் ஓரமாகப் போய் நின்று, கைப்பையில் இருந்த விபூதியைத் தொட்டுக்கொண்டு, இழை இழையாக முறுக்கிச் சேர்த்துவிட்டார். காவல்காரன் ஒருவன் விரட்ட வந்து, விரட்டாமல் விளக்குப் பிடித்தானாம். இப்போதெல்லாம் கப்பலேறியதும் நேரே அங்கேதான் போவார். குஞ்சத்தை இழுத்துப் பார்ப்பார். "இன்னும் விட்டுக்கல" என்று திரும்பி வந்து சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் ஒரு அரக்குப் பட்டு போகும், வரும். கணவர் போன பிறகு ஊரில் அதைக் கட்டியதில்லை. கப்பலில் கட்டுவார். கட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவார். சாப்பாட்டைப் பற்றித்தான் அவர் அதிகமாகப் பேசுவது.

"மணிப்பூர்க்காரப் பையன் ஒருத்தன். தட்டக் கொண்டாந்து வச்சிட்டு, பக்கத்துலயே நின்னுக்கினு, போதுமா, இன்னும் வேணுமான்னு கேக்குறாம்பா. என் ஜென்மத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. அங்க ஒருத்தருக்கு உப்புக் கம்மின்னா, பொட்டலத்தக் கிழிச்சி அவங்களே போட்டுக்கறாங்க. யாரும் தட்டத் தள்றதில்ல."

தட்டு என்று சொன்னாலும் அது யார் இலை என்று தேவேந்திரனுக்குத் தெரியும். படையலுக்கு ஆக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. செத்தவர்கள் சாப்பிடும் முன் இருக்கிறவர்கள் நாக்கில் படக்கூடாது என்பது அந்த வீட்டு முறை. அப்படி ஒரு சொட்டு நாக்கில் வைக்காமல் முப்பது வருஷம் செத்துப்போன மாமனார் மாமியாருக்குச் சமைத்தவர் கமலவேணி. படைத்து, காக்கைக்கு வைத்து, சொந்தபந்தமெல்லாம் பந்தியில் உட்காரும். பஞ்சாட்சரம் முதல் வாய் வைப்பார். இலையைத் தள்ளுவார். "உப்பு இல்ல." அடுத்த அமாவாசைக்கு, "உப்பு கரிக்குது." பந்தி சிரிக்கும். பஞ்சாட்சரம் கெட்ட மனுஷன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, அவர் நெய்த புடவையில் குறை சொல்ல ஆள் கிடையாது. அமாவாசைக்கு அமாவாசை இலையைத் தள்ளினார், அவ்வளவுதான்.

போன ஆடியில்தான் எல்லாம் முற்றியது. ஆடி அமாவாசையும் சாகரிகா கடலில் இருக்கிற நாளும் ஒன்றாக வந்தன. பங்காளிகள் அத்தனை பேரும் வருகிற நாள். இந்த முறை மகன் சிவராஜ் விடமாட்டான் என்று தேவேந்திரன் நம்பினான். அந்தப் பேச்சு நடக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே தறி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தான். உள்ளே சிவராஜின் மனைவி அகிலா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சிவராஜ் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டான். "ம்மா, ஆடி அமாவாசைம்மா. மெஸ் சாப்பாட்டப் பாத்தா அத்தினி பேரும் என் மூஞ்சில காறித் துப்புவாங்க."

"துப்புனா தொடச்சிக்கோ."

"சரி, நீ போ. அகிலாவ ஆக்கச் சொல்லிக்கறேன்."

"சொல்லித்தான் பாரேன். ஒரகடம் கம்பெனிக்கு பஸ்ல போயி வந்து அந்தப் பொண்ணு துரும்பாப் போயிருக்குது. அன்னிக்கு ஒரு நாளு லீவு போட்டிருக்கறா. அதுலயும் அவள அடுப்பாண்ட நிறுத்தினியா, நான் திரும்பியே வரமாட்டேன்."

"வராத! போனியானா வரவே வராத!"

உள்ளேயிருந்து அகிலா வாசற்படிக்கு வந்து நின்றாள். கமலவேணியின் விரல்கள் தேய்ப்பதை நிறுத்தியிருந்தன. அதைப் பார்த்த தேவேந்திரனுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. சமாதானம் பேச வாயைத் திறந்தான்.

"பௌர்ணமிக்குப் போனா இன்னா அண்ணி? கடல்ல நெலா பாக்கலாம். அமாவாசைல ஒரே கும்மிருட்டு, இன்னாத்தப் பாக்கறீங்க?"

"பௌர்ணமிக்குத் தறி ஓடுமா ஓடாதா?"

"ஓடும்."

"தறிக்கு எப்ப லீவு?"

"அமாவாசைக்கு."

"அன்னிக்கு இன்னா பண்ணுவீங்க? கொளத்தாண்ட போயி தர்ப்பணம் குடுப்பீங்க, வந்து துன்னுவீங்க, கால நீட்டிக்கினு படுப்பீங்க. எங்களுக்கு விடியக்காலமே அடுப்பு. தறிக்குக் கூட லீவு உட்டீங்களே தேவேந்திரா, எனக்கு எந்த நாளு உட்டீங்க? நானா எடுத்துக்கினா குத்துதா?"

மகன் பக்கம் திரும்பினார். தறியில் சுற்றியிருந்த பாவைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"இதுல இன்னும் ஒரு பொடவ வருமா? நெய்யி. தீந்தா புதுப் பாவு பிணைக்க ஆளத் தேடி அனுப்புவ இல்ல, அப்ப வரணுமா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தது அகிலாதான். சிவராஜ் வெளியே வரவில்லை. சர்வதீர்த்தக் குளத்தருகே அமாவாசைக்கு எள்ளும் தர்ப்பையும் விற்கக் கடை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேவேந்திரன் வேண்டுமென்றே அந்தப் பக்கமாகத்தான் வண்டியை விட்டான். கமலவேணி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எள்ளு வெல ஏறிப்போச்சா?" என்றார்.

பூந்தமல்லி நெரிசலில் வண்டி நின்றபோது அவனால் தாங்க முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான். "அண்ணன் மேல உங்களுக்குக் கொஞ்சங்கூடப் பாசமே இல்லையா அண்ணி?"

"இல்லாமயா கப்பல் இல்லாத அமாவாசைக்கெல்லாம் எலை போடறேன்?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நல்ல மனுசந்தான். அங்க கப்பல் மேல் தளத்துல நிக்கறப்ப அவர நெனச்சிக்கறதும் உண்டு. ஆனா பசியோட நிக்கறாருன்னு நெனக்கறதில்ல" என்றார்.

துறைமுக வாசலில் ஏகப்பட்ட கூட்டம். தொப்பி வைத்த இளசுகள், செல்ஃபி எடுக்கிற குடும்பங்கள். கிடங்குகளுக்கு மேலே சாகரிகாவின் வெள்ளை முதுகு தெரிந்தது. கமலவேணி இறங்கி, தலையை ஒரு சாண் முன்னால் நீட்டி, அதை ஒரு தரம் முழுசாகப் பார்த்துக்கொண்டார். தேவேந்திரன் பெட்டியை இறக்கி வைத்தான். வழக்கமாக அதோடு சரி, திரும்பிப் பாராமல் போய்விடுவார். அன்று போகவில்லை.

"தேவேந்திரா, உங்க அண்ணனுக்கு நாளைக்கு யாரு ஆக்கறது?"

"மெஸ்தான். வேற யாரு இருக்கறாங்க?"

"நீ இருக்கறியே."

"நானா? எனக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது அண்ணி."

"அம்பது வயசாவுது, கத்துக்கோ. வாழக்கா, கொத்தவரங்கா, பூசணிக்கா எல்லாம் வாங்கி வச்சிருக்கறேன். சாம்பார்ப் பொடி டப்பா அடுப்புக்கு மேல பலகையில இருக்குது. அகிலாவக் கூப்புடாத. போன்ல வேணா எனக்கு அடி, கப்பல் நகர்ற வரைக்கும் எடுப்பேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. அண்ணன் இலையில் நாலு வருஷமாக விழுந்த மெஸ் சாம்பார் அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. பங்காளிகளும் வந்து நின்றார்கள். "சரி" என்று வாயில் வந்துவிட்டது.

"ருசி பாக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும்." சொல்லிவிட்டு நின்றான். பிறகுதான் அது உறைத்தது. "நாக்குல வைக்காம உப்பு எப்படி அண்ணி போடறது?"

கமலவேணி அவனையே பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்க்க ஆரம்பித்தன, மெதுவாக.

"அதத்தாம்பா நான் அந்தப் பந்தியில யாராவது கேப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

கைப்பையைத் திறந்தார். போன தடவை மிச்சமிருந்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்தார். தேவேந்திரன் வழக்கம்போல அது விழட்டும் என்று கார் சீட்டைக் காட்டினான். அவர் அவனுடைய கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் பொட்டலத்தை வைத்து, சாம்பல் படிந்த விரல்களால் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"சண்ட வந்தா வரட்டும்" என்றார். பெட்டியை இழுத்துக்கொண்டு நாலு எட்டு போனவர், நின்று திரும்பினார்.

"என்னைக் கூப்புட வரப்ப, உப்பு சரியா இருந்துச்சான்னு வந்து சொல்லு."